மேலக்காத்து அடிக்கிற ஊர்ல வெளிச்சுவருக்கு பெயிண்ட்: எப்ப, எப்படி, என்ன கலரு?

[காட்சி: புளியரை பக்கம் ஒரு கான்கிரீட் வீடு. மேற்குச் சுவர். ஊதா நிறம் வெளுத்து, ஜன்னலுக்குக் கீழே கறுப்பா வழிஞ்சிருக்கு.]

வணக்கம். இந்தச் சுவரைப் பாத்துக்கோங்க. இப்ப அப்படியே வீட்டைச் சுத்திக் கிழக்குப் பக்கம் வாங்க. இங்க அதே ஊதா பளிச்சுனு நிக்குது. ஒரே வாளி பெயிண்ட், ஒரே பெயிண்டர், ஒரே வாரத்துல அடிச்சது. அப்ப கோளாறு வாளியில இல்லை. சுவரு எந்தப் பக்கம் பாத்து நிக்குது, அதுக்குள்ள எவ்வளவு தண்ணி இறங்குது, அங்கதான் இருக்கு.

செங்கோட்டை, புளியரை, குற்றாலம், தென்காசி எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற ஆரியங்காவு கணவாயோட வாயில இருக்கிற ஊருங்க. ஆனி, ஆடியில மேலக்காத்து அந்தக் கணவாய் வழியா சாரலைத் தள்ளிக்கிட்டு வரும். குத்தாலத்துக்குக் குளிக்க வர்றவங்களுக்கு அது சீசன். நம்ம மேற்குச் சுவத்துக்கு அது மூணு மாசத் தண்டனை. நேரா விழுற மழை சுவத்தை அவ்வளவா தொடாது. காத்தோட சாய்ஞ்சு வர்ற தூறல் ஒவ்வொரு மயிரிழை விரிசலுக்குள்ளயும் போய் உட்காந்துக்கும். அது காயறதுக்குள்ள ஐப்பசி வந்துரும், கொண்டல் மழை கிழக்கு வடக்குச் சுவரை நனைக்கும். வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம் பாக்கிற சுவரு இது. மதுரையிலயோ சென்னையிலயோ எடுத்த வீடியோவைப் பாத்து அப்படியே இங்க அடிச்சா சரிப்படாது.

[காட்சி: காலண்டர். மார்கழி, தை, மாசி, பங்குனி, சித்திரை.]

முதல் கேள்வி, எப்ப அடிக்கிறது? பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கிறது நம்ம வழக்கம். சுண்ணாம்பு அடிச்ச காலத்துல அது சரியாத்தான் இருந்துச்சு. சுண்ணாம்புப் பூச்சு வழியா சுவத்துக்குள்ள இருக்கிற ஈரம் ஆவியா வெளிய போயிரும். இப்ப அடிக்கிற எமல்ஷன், அதாவது தண்ணி கலந்து அடிக்கிற பிளாஸ்டிக் பெயிண்ட், அப்படி இல்லை. அது காஞ்சதும் மேல ஒரு தோல் மாதிரி படியும். மார்கழியில கார்த்திகை மழைத் தண்ணி சுவத்துக்குள்ளயே நிக்கும். அதை உள்ள வச்சு மேல தோலைப் போத்திட்டா, மாசி வெயில்ல அந்தத் தண்ணி வெளிய வரத் தள்ளும், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா பொரிஞ்சு நிக்கும். "கம்பெனி சரியில்லை"னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறவங்கள்ல பாதிப் பேரு மார்கழியில அடிச்சவங்கதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

அதனால பொங்கலுக்கு உள்சுவர், வாசல் கதவு, கிரில்லு அடிங்க. வெளிச்சுவரை மாசி, பங்குனிக்கு விடுங்க. சித்திரையிலயும் அடிக்கலாம், ஆனா அப்ப சாயங்காலம் கோடை மழை வரும். காலையில அடிச்சு மத்தியானத்துக்குள்ள கடைசிப் பூச்சை, அதாவது கடைசிக் கோட்டு, முடிச்சிரணும். கோட்டு சரியா காயறதுக்குள்ள மழை நனைச்சா, அடர் நிறச் சுவத்துல பிசுபிசுனு பளபளக்கிற கோடு கோடா இறங்கும். பயந்துராதீங்க. பெயிண்டுக்குள்ள இருக்கிற சோப்பு மாதிரிப் பொருள்தான் கசிஞ்சு வெளிய வந்திருக்கு. நல்ல தண்ணி விட்டுக் கழுவினா பெரும்பாலும் போயிரும்.

சுவரு காஞ்சிருச்சான்னு எப்படிப் பாக்கிறது? காசே ஆகாது.

[காட்சி: சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள், நெருக்கத்தில்.]

ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி தெளிவான பிளாஸ்டிக் தாள். நாலு ஓரமும் காத்துப் புகாம டேப் ஒட்டுங்க. ஒரு நாள் விட்டுருங்க. மறுநாள் பாத்தா, இந்தா, தாளோட உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருக்கு. சுவத்துலயும் அந்தச் சதுரம் மட்டும் கருத்து நிக்குது. இந்தச் சுவரு இன்னும் காயல. இதே மாதிரி மேற்குச் சுவத்துல கீழ ஒண்ணு, ஜன்னலுக்குக் கீழ ஒண்ணு, பாத்ரூமுக்குப் பின்பக்கம் ஒண்ணு ஒட்டிப் பாருங்க. பாத்ரூம் பின்பக்கம் மட்டும் வேர்த்தா அது மழைத் தண்ணியே இல்லை, குழாய்க் கசிவு. பிளம்பரைக் கூப்பிடாம பெயிண்டரைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை.

புதுசா பூசின வீட்டுக்கு இன்னொரு கணக்கு. சிமெண்ட் பூச்சுல காரம் ரொம்ப அதிகம். குறைஞ்சது 28 நாள் விடணும், இந்த ஊர் ஈரத்துக்கு அதுக்கும் மேல விட்டா நல்லது. அவசரப்பட்டா அந்தக் காரம் பெயிண்டோட பசையை அரிச்சிரும், நிறம் திட்டுத் திட்டா வெளுக்கும், மேல உப்பு பூக்கும்.

[காட்சி: செங்கோட்டையில் பழைய ஓட்டு வீட்டுத் தெரு. அகலமான இறவாரம்.]

இந்தத் தெருவைக் கொஞ்சம் நின்னு பாப்போம். செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊரு. பழைய வீடுங்கள்ல ஓடு எவ்வளவு தூரம் வெளிய நீண்டுக்கிட்டு நிக்குது பாருங்க. சாரல் சுவரைத் தொடாம இருக்கத்தான் இந்த இறவாரம். இப்பக் கட்டுற வீட்டுல சன்ஷேடே இல்லாம பெட்டி மாதிரி நிறுத்திட்டு, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் காப்பாத்தும்னு நம்புறோம். என்னைக் கேட்டா, வீடு கட்டப் போறவங்க மேற்குப் பக்கம் ரெண்டடி சன்ஷேடு போடுங்க. அது ஓரத்துல அடிப்பக்கமா விரல் கனத்துக்கு ஒரு பள்ளக்கோடு எடுக்கச் சொல்லுங்க. தண்ணி அந்தக் கோட்டைத் தாண்டாம அங்கயே சொட்டிரும். முதல்ல பாத்தோம்ல, ஜன்னலுக்குக் கீழ கறுப்பு வழிசல், அந்தக் கோடு இல்லாததோட வேலை அது.

இந்த மாதிரிப் பழைய சுண்ணாம்புச் சுவரு உங்க வீடா இருந்தா, அதுமேல நேரா எமல்ஷன் அடிக்காதீங்க. கையை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க, மாவு மாதிரி ஒட்டும். அந்த மாவுமேல ஒட்டின பெயிண்ட் மாவோடயே பாளம் பாளமா உரிஞ்சு வரும். ஒண்ணு, கெட்டியான பூச்சு தெரியுற வரைக்கும் சுரண்டணும். இல்லைன்னா பழையபடி சுண்ணாம்பே அடிங்க. கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை, சுவரு நல்லா இருக்கும்.

[காட்சி: வேலை நடக்கிறது. சாரம், தகடு, உப்புத்தாள்.]

வேலைக்கு வருவோம். சுரண்டுறது, கழுவுறது, விரிசல் அடைக்கிறது, பிரைமர்ங்கிற அடிப்பூச்சு, அப்புறம் ரெண்டு கோட்டு. இதுல காசு கேக்காத வேலை, ஆனா எல்லாரும் தாவிப்போற வேலை, கழுவுறதுதான். பச்சைப் பாசி, கறுப்புப் பாசி இருந்தா, ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு கலந்து அடிச்சு, கால் மணி நேரம் விட்டுத் தேய்ச்சு நல்லா அலசுங்க. கண்ணுல படாம, கையில உறை போட்டுக்கிட்டுச் செய்யணும். ஆசிடையோ கக்கூஸ் கழுவுற திரவத்தையோ இதோட சேத்துராதீங்க, நச்சு வாயு வரும். பாசியை உயிரோட விட்டு மேல அடிச்சா, அடுத்த ஆடியில அது பெயிண்டைத் தாண்டி வந்துரும்.

பட்டி பாக்கிறது, அதாவது மாவு பூசிச் சுவரை வழுவழுப்பாக்கிறது, உள்சுவத்துக்கு அழகு. சாரல் படுற வெளிச்சுவத்துக்கு முழுசா பட்டி வேண்டாம்ங்கிறது என் கட்சி. பள்ளம் மேடு இருக்கிற இடத்துல மட்டும், வெளிச்சுவத்துக்குன்னே வர்ற சிமெண்ட் பட்டி வைங்க. உள்ளே வைக்கிற பட்டி மிச்சம் இருக்குன்னு வெளிய வச்சா, தண்ணி குடிச்சு உப்பிரும்.

அடுத்தது பெயிண்டுல தண்ணி கலக்கிற விஷயம். பெயிண்டர்கிட்டயே கேப்போம்.

"அண்ணாச்சி, ஒரு லிட்டருக்கு எவ்வளவு தண்ணி ஊத்துவீங்க?"

"அதெல்லாம் கை சொல்லும் தம்பி."

கை சொல்லட்டும், ஆனா டப்பாவும் ஒண்ணு சொல்லுது. அதைப் படிச்சு அந்த அளவுக்கு மேல போகாம பாத்துக்கோங்க. சரிபாக்க ஒரு கணக்கு: வெளிச்சுவர் எமல்ஷன் ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு சுமாரா 50 முதல் 60 சதுர அடி வரும். ஆயிரம் சதுர அடிச் சுவருக்குக் கிட்டத்தட்ட ஒரு 20 லிட்டர் வாளி. பத்து லிட்டர்ல முடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொன்னா, மிச்சம் பத்து லிட்டர் எங்க இருந்து வருதுன்னு கேளுங்க. கிணத்துல இருந்துதான் வரும்.

வெயில் சுடுற சுவத்துல அடிக்கக் கூடாது. காலையில மேற்குச் சுவரு, மத்தியானத்துக்கு மேல கிழக்குச் சுவரு. நிழலைப் பின்னாலயே துரத்திக்கிட்டுப் போகணும்.

[காட்சி: எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வீடுகள். ஊதா, பச்சை, ஆரஞ்சு.]

இப்ப கலரு. கேரள எல்லையில இருக்கிற கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் பஸ்ல போய்ட்டு வந்தா, அடுத்த வாரமே நமக்கும் ஊதா வீடு வேணும்னு தோணும். ஆசையைக் குறை சொல்லல. ஆனா கண்ணைப் பறிக்கிற சிவப்பு, மஞ்சள், மெஜந்தாவெல்லாம் பெரும்பாலும் வெயிலுக்குச் சீக்கிரம் வெளுக்கிற சாயம். காவி, செம்மண், மண்மஞ்சள், சாம்பல் நிறங்கள்ல இருக்கிறது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு மாதிரித் தாதுச் சாயம், எந்த வெயிலுக்கும் அசையாது. ஆசைப்பட்ட நிறத்தை வாசல் தூணுக்கோ, ஒரு சின்னச் சுவத்துக்கோ வச்சுக்கோங்க. மேற்குச் சுவத்துக்கு மண் சார்ந்த நிறம் கொடுங்க. சுத்த வெள்ளையும் இங்க வேண்டாம், பாசி முதல்ல தெரியறது அதுலதான். ரொம்ப அடர் நிறமும் வேண்டாம், பங்குனி வெயிலை உள்ள இழுத்து, ராத்திரி ரூமுக்குள்ள விடும்.

பழைய வீட்டுல தரையை ஒட்டி ரெண்டடிக்குக் காவிப் பட்டை அடிச்சிருப்பாங்க, பாத்திருப்பீங்க. இறவாரத் தண்ணி விழுந்து செம்மண் தெறிக்கிற உயரம் அதுதான். புது வீட்டுக்கும் அதையே செய்ங்க, எமல்ஷன்லயே செங்காவி கிடைக்கும்.

கார்டுல பாத்த நிறம் சுவத்துல எப்பவும் இன்னும் அழுத்தமாத் தெரியும். அதனால நினைச்சதைவிட ஒரு படி வெளிறினதை எடுத்து, சின்ன டப்பா வாங்கி, ரெண்டு சுவத்துல மூணடிச் சதுரம் அடிச்சு, காலையிலயும் சாயங்காலமும் பாருங்க. உள்ளறைக்கு ராத்திரி பல்பைப் போட்டும் பாக்கணும். ஆடியில வானம் மூடியே கிடக்கிற ஊரு இது, சாம்பல் நிற ரூமு அப்ப இருட்டு ரூமாயிரும். உள்ளுக்கு இளமஞ்சள், சந்தனம் மாதிரி இருந்தா பகல்ல லைட் போட வேண்டியிருக்காது.

[காட்சி: பழைய மர ஜன்னல், பல அடுக்கு எனாமல் உரிந்திருக்கிறது.]

மர ஜன்னல், கதவுக்கு ஒரு எச்சரிக்கை. 2017 நவம்பருக்கு அப்புறம் நம்ம நாட்டுல வீட்டு பெயிண்டுல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம். அதுக்கு முன்னாடி அடிச்ச எனாமல்ல, அதாவது ஆயில் பெயிண்டுல, அதிகமாவே இருந்திருக்கலாம். அந்தத் தூசி குழந்தைங்களுக்கு ரொம்பக் கெடுதல். காஞ்ச உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம, தண்ணி தொட்டுத் தேயுங்க. விழுறதைத் தாள் விரிச்சு எடுத்துருங்க. பிள்ளைங்களை அன்னைக்கு ஆச்சி வீட்டுக்கு அனுப்பிருங்க.

பராமரிப்புக்கு வருஷத்துல ஒரு நாள் போதும், வைகாசியில, சாரல் வர்றதுக்கு முன்னாடி. மொட்டைமாடிக்கு ஏறி கைப்பிடிச் சுவத்தோட தலையைப் பாருங்க. வெளிச்சுவத்துல வழியுற தண்ணி நிறையத் தடவை அங்க இருக்கிற விரிசல் வழியாத்தான் இறங்குது. விரிசல் இருந்தா அடைச்சு ரெண்டு கோட்டு அடிங்க. மழைத்தண்ணிக் குழாய் வாயில கிடக்கிற இலையை அள்ளிப் போடுங்க. சுவத்தை ஒட்டி நட்ட செடி, சாத்தி வச்ச விறகு, இதெல்லாம் ஒரு அடி தள்ளி இருக்கட்டும்.

கடைசியா, ஷேடு நம்பரு. மெஷின்ல கலக்கின நிறத்தை அஞ்சு வருஷம் கழிச்சு யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. கடை பில்லு ஒரு மழைக்காலத்துலயே காணாமப் போகும். வாளி மூடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கோங்க. அப்புறம் மார்க்கர் பேனாவால, கம்பெனி பேரு, ஷேடு நம்பரு, பேஸ் நம்பரு (கலர் சேக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற அடிப்படை பெயிண்டோட நம்பரு), அடிச்ச மாசம், எந்தச் சுவரு, எல்லாத்தையும் கரண்ட் மீட்டர் பெட்டிக் கதவோட உள்பக்கம் எழுதி வச்சிருங்க.