துளைகளைத் திட்டமிட்டுக் கட்டியவர்கள்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூன்று பேருக்குக் கிடைத்தது: மெல்போர்னில் பணியாற்றிய ரிச்சர்ட் ராப்சன், ஜப்பானின் சுசுமு கிடகாவா, அமெரிக்காவில் இருக்கும் ஓமர் யாகி. உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, உள்ளே நானோமீட்டர் அளவில் காலி இடங்கள் கொண்ட படிகங்களை இவர்கள் உருவாக்கினார்கள். இவற்றுக்கு உலோக-கரிமச் சட்டகங்கள் என்று பெயர்; ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து (MOF) ஆய்வுக்கூடங்களில் 'மாஃப்' என்பார்கள்.

இது தொடங்கிய இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1974இல் ராப்சனிடம் ஒரு வேலை வந்தது. மாணவர்கள் மூலக்கூறு மாதிரி செய்ய மரப்பந்துகள் வேண்டும். குச்சி செருக ஒவ்வொரு பந்திலும் எங்கெங்கே துளை போடுவது என்று அவர் பட்டறைக்குக் குறித்துத் தர வேண்டும். பந்துகள் வந்ததும் இணைத்துப் பார்த்தார். துளைகள் சரியான இடத்தில் இருந்தால் போதும், மூலக்கூறு தானாகவே சரியான வடிவத்துக்கு வந்துவிட்டது. நிஜ அணுக்களையும் இப்படியே இணைத்துப் பெரிய சட்டகம் கட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. செப்பு அயனிகளை வைத்து அப்படி ஒரு படிகத்தைக் கட்டி 1989இல் வெளியிட்டார். வகுப்புக்கான தயாரிப்பில் பிறந்த வேதியியல் இது. ஆசிரியர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் அந்தப் படிகங்கள் எளிதில் நொறுங்கின. வாயு உள்ளே போய் வெளியே வந்தாலும் கிடகாவாவின் சட்டகம் குலையாமல் நின்றது; அது 1997இல். யாகியின் 'மாஃப்-5', 1999இல் வந்தது. உள்ளே எதுவும் இல்லாமல் காலியாக வைத்து 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினாலும் இடியாது. அதில் ஓரிரு கிராமின் உட்சுவர்களில் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு அடங்கியிருக்கிறது.

யாகி ஜோர்டானின் அம்மானில், குழாய்த் தண்ணீர் இல்லாத வீட்டில் வளர்ந்தவர். பிற்பாடு அவருடைய குழு, இரவில் பாலைவனக் காற்றின் ஈரத்தை மாஃபில் பிடித்துவைத்து, பகல் வெயிலில் தண்ணீராக இறக்கிக் காட்டியது. முதலில் சிர்கோனியம் சேர்ந்த மாஃப். அப்புறம் அதைவிட மலிவான அலுமினியம் சேர்ந்தது.

சரி, நம் ஊருக்கு இது உதவுமா? தண்ணீர் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. சென்னைக் கடற்கரைக் காற்றில் ஈரம் ஏற்கெனவே ஏராளம். குளிரவைத்தாலே தண்ணீர் இறங்கும். மாஃபுக்கு வேலை வறண்ட காற்றில்தான்.

நமக்கு நெருக்கமானது இன்னொரு மாஃப். 'கால்ஃப்-20' என்று பெயர், துத்தநாகம் சேர்ந்தது, கனடாவில் உருவானது. ஈரமான புகையிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துப் பிடிக்கும். அங்கே சிமென்ட் ஆலைப் புகையிலேயே வைத்துச் சோதித்திருக்கிறார்கள். சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லே அந்த வாயுவை விடுகிறது. நிலக்கரியை நிறுத்தி வேறு எரிபொருளுக்கு மாறினாலும் அது நிற்காது, புகைபோக்கியில்தான் பிடிக்க வேண்டும். அரியலூரைச் சுற்றி எத்தனை சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். முதுகலைத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.