ஒட்டகக் கறியும் ஓட்டும்: பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் ஏன் காட்டுக்குப் போகிறார்கள்?

[திரையில்: காட்டு மரங்களுக்கு நடுவே ஒரு மேஜை. மேலே மூடி போட்ட தட்டு.]

2022 நவம்பர். ஆஸ்திரேலியாவில் ஒரு காடு. மேஜைக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தட்டின் மூடியைத் திறக்கிறார்கள். உள்ளே ஒட்டகத்தின் உடல் பாகம் ஒன்று. எந்தப் பாகம் என்று, குடும்பத்தோடு பார்ப்பவர்களை நினைத்துச் சொல்லாமல் விடுகிறேன். அவர் முகத்தைச் சுளிக்கிறார், மெல்லுகிறார், விழுங்குகிறார்.

அவர் பெயர் மாட் ஹேன்காக். கொரோனா காலத்தில் பிரிட்டனின் சுகாதார அமைச்சர். யாரும் யாரையும் தொடாதீர்கள், தள்ளி நில்லுங்கள் என்று தினமும் டிவியில் வந்து சொன்னவர். 2021 ஜூனில், தன் அலுவலகத்திலேயே உதவியாளரை அணைத்து முத்தமிட்ட சிசிடிவி படம் 'தி சன்' பத்திரிகையில் வந்தது. மறுநாள் ராஜினாமா.

பதினாறு, பதினேழு மாதம் கழித்து அவர் இந்த மேஜைக்கு வந்து சேர்ந்தது எப்படி? 'ஐ ஆம் எ செலிப்ரிட்டி, கெட் மீ அவுட் ஆஃப் ஹியர்' என்று ஐடிவி சேனலில் 2002லிருந்து ஓடுகிற ஒரு நிகழ்ச்சி. பிரபலங்கள் கொஞ்சம் பேரைக் காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அரிசியும் பீன்ஸும்தான் சாப்பாடு. நல்ல சாப்பாடு வேண்டுமென்றால் யாராவது ஒருவர் போய்ச் சோதனையில் சாப்பாட்டுக்கான நட்சத்திரச் சின்னங்களை ஜெயித்துக்கொண்டு வர வேண்டும். சோதனை என்றால் பாம்பு, கரப்பான், சேறு, இல்லையென்றால் இந்த மாதிரித் தட்டு.

யார் போவது? அதை முடிவு செய்பவர்கள் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருப்பவர்கள். இரவு ஒன்பது மணிக்கு நிகழ்ச்சி, கையில் போன், ஆப்பில் ஓட்டுப் போட ஒரு பென்னி செலவில்லை. ஹேன்காக் உள்ளே வந்ததும் பிரிட்டிஷ் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். மறுபடியும் அவரையே. மொத்தம் ஆறு முறை, தொடர்ச்சியாக.

அந்த ஓட்டில் இருந்தது கோபம். அம்மாவைக் கடைசியாகப் பார்க்க முடியாதவர்கள், பத்துப் பேர் மட்டும் நின்று சவ அடக்கம் செய்தவர்கள், இவர்களுக்கெல்லாம் ஹேன்காக்கிடம் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருந்தது. நீதிமன்றத்தில் தீராத கணக்கு, ஒட்டகத் தட்டில் தீரட்டுமே.

ஆனால் இந்த நிகழ்ச்சியின் கட்டமைப்பில் ஒரு பொறி இருக்கிறது. இந்த வீடியோவே அதைப் பற்றித்தான்.

ஒருவரைச் சோதனைக்கு அனுப்பினால் கேமரா அவர் கூடவே போகும். அன்றைய நிகழ்ச்சியின் மையமே அவர்தான். பயப்படுகிறார், வியர்க்கிறார், சேற்றில் விழுந்து எழுகிறார், முகாமுக்கு நட்சத்திரங்களோடு திரும்புகிறார், பசியோடு இருந்த மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். தண்டிக்கப் போட்ட ஓட்டு விளம்பரமாகிவிடுகிறது. ஆறு நாள் தண்டித்தால் ஆறு நாள் அவர்தான் கதாநாயகன். அப்புறம் இரண்டாம் கட்டம் வரும். அதில் ஓட்டின் அர்த்தமே தலைகீழ்: பிடித்தவரைக் காப்பாற்றப் போடுவது. அதற்குள் மக்களுக்கு நன்றாகப் பழகிப்போன முகம் யாருடையது?

[திரையில்: முகாமில் இரவு. நெருப்பு.]

நடுவில் ஒரு காட்சி. செய்தி வாசிப்பாளர் ஷார்லீன் வைட்டும் அதே முகாமில் இருந்தார். அவருடைய அத்தை கொரோனா முதல் அலையில் இறந்தவர். சர்ச்சில் தனியாக உட்கார வேண்டியிருந்தது, விதிகளை மதித்ததால் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழக்கூட முடியவில்லை என்று அவர் ஹேன்காக்கின் முகத்துக்கு நேரே சொன்னார். ஹேன்காக் மன்னிப்புக் கேட்டார். காதலில் விழுந்துவிட்டேன் என்றார். வேறொரு சமயம், தான் தேடுவது கொஞ்சம் மன்னிப்பு என்று சொல்லிக் கண் கலங்கினார். பார்லிமென்டில் எவ்வளவு கத்தினாலும் ஒரு முன்னாள் அமைச்சரிடமிருந்து இப்படி ஒரு நிமிடத்தை வாங்க முடிந்திருக்காது. அந்த நிமிடத்துக்கு நடுவிலும் விளம்பர இடைவேளை வரும் என்பது வேறு விஷயம்.

கொரோனாவில் உறவுகளை இழந்தவர்களின் அமைப்பு ஒன்று, வெளியே போ என்று எழுதிய பேனரை விமானத்தில் கட்டி முகாமுக்கு மேலே பறக்கவிட்டது. ஹேன்காக் போகவில்லை. கடைசி நாள் வரை நின்று மூன்றாவது இடம் பிடித்தார். முதலிடம் கால்பந்து வீராங்கனை ஜில் ஸ்காட்டுக்கு.

ஹேன்காக்குக்குக் கிடைத்த சம்பளம் 3,20,000 பவுண்ட். அப்போது ஒரு எம்.பி.யின் ஆண்டுச் சம்பளம் 84,144 பவுண்ட். கிட்டத்தட்ட நாலு வருடச் சம்பளம், மூன்று வாரத்துக்குள்! அதில் 10,000 பவுண்டை நன்கொடையாகக் கொடுத்தார்.

சரி, மக்கள் மன்னித்துவிட்டார்களா? அங்கேதான் கதை வேறு மாதிரிப் போகிறது. காட்டுக்குக் கிளம்பியதுமே அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சி அவரைப் பார்லிமென்ட் குழுவிலிருந்து நீக்கிவிட்டது. திரும்பி வந்தால், அவருடைய வெஸ்ட் சஃபக் தொகுதிக் கட்சிக்காரர்கள் இவர் எங்கள் பிரதிநிதியாக இருக்கத் தகுதியற்றவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அந்த டிசம்பரிலேயே அறிவித்தார். ஆப்பில் விழுந்த ஓட்டு ஆப்போடு போயிற்று.

[திரையில்: அதே காடு. 2023.]

ஆனால் ஒருவர் இதையெல்லாம் உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு அதே காட்டுக்கு வந்தவர் நைஜல் ஃபராஜ். பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிட்டன் விலக வேண்டும் என்ற இயக்கத்தின் முகம். அதுவரை ஏழு முறை பார்லிமென்டுக்கு நின்று ஏழு முறையும் தோற்றவர். சம்பளம் 15 லட்சம் பவுண்ட் என்று பத்திரிகைகள் எழுதின. ஹேன்காக் மன்னிப்புத் தேடி வந்தார். ஃபராஜ் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். சோதனைக்குப் போனால் ஒளிபரப்பு நேரத்தில் கால்பங்கு தனக்குத்தான் என்று காட்டுக்குள்ளேயே, கேமரா முன்னாலேயே சொன்னார். என்னைத் தண்டிக்க ஓட்டுப் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள் என்கிற மனநிலை. அவருக்கும் மூன்றாவது இடம்.

இதன் மதிப்பு புரிய வேண்டுமென்றால் ஒரு சட்டம் தெரிய வேண்டும். பிரிட்டனில் டிவியிலும் ரேடியோவிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்ய முடியாது. தடை. தேர்தல் சமயத்தில் கட்சிகளுக்கு இலவசமாகச் சில நிமிடங்கள் ஒதுக்குவார்கள், அந்த நிமிடங்களில்தான் பாதி நாடு டீ போட எழுந்து போகும். செய்திகளில் நடுநிலை கட்டாயம், ஒருவரைப் பேசவிட்டால் எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும். ஆக, இரவு ஒன்பது மணிக்கு, லட்சக்கணக்கான குடும்பங்கள் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தை எந்தக் கோடீஸ்வரனாலும் வாங்க முடியாது. ஆனால் கரப்பான் பூச்சியோடு படுக்கத் தயார் என்றால் அதே நேரத்தை உங்களுக்குத் தந்து, மேலே காசும் கொடுப்பார்கள்.

ஏழு மாதம் கழித்து, 2024 ஜூலை 4 தேர்தலில், எட்டாவது முயற்சியில், கிளாக்டன் தொகுதியில் 8,405 ஓட்டு வித்தியாசத்தில் ஃபராஜ் ஜெயித்தார். காட்டுக்குப் போனதால் ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கிளாக்டன் கடற்கரை ஊர், அவருடைய பழைய கட்சியை 2014லேயே ஜெயிக்க வைத்த தொகுதி. காட்டுக்குப் போகாமலே கூட ஜெயித்திருக்கலாம். ஆனால் அவர் பேரைக் கேட்டாலே சேனலை மாற்றியவர்களில் சிலராவது, மூன்று வாரம் சேனலை மாற்றாமல் பார்த்திருப்பார்கள். நிகழ்ச்சித் தொகுப்பாளர்களில் ஒருவரான டெக், அடுத்த வருடமாவது அரசியல்வாதிகள் இல்லாமல் நடத்தலாமே என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். பார்வையாளர்களுக்கு அலுக்கும் முன்பே அவருக்கு அலுத்துவிட்டது போல.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் ஃபராஜ் இல்லை. பிபிசியில் 'ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' என்று ஒரு நையாண்டி வினாடி வினா, 1990லிருந்து. அரசியல்வாதிகளை விருந்தாளியாகக் கூப்பிட்டுக் கலாய்ப்பார்கள். 1993இல் லேபர் கட்சியின் ராய் ஹாட்டர்ஸ்லி மூன்றாவது முறையாகக் கடைசி நேரத்தில் வரவில்லை. அவருடைய நாற்காலிக்கு முன்னால் ஒரு டப்பா பன்றிக்கொழுப்பை வைத்து, அதையே விருந்தாளியாகக் கருதி நிகழ்ச்சியை நடத்தி முடித்தார்கள். கலாய்க்க வந்தால் தப்பலாம், வராவிட்டால் டப்பா.

அதே மேடையில் 1998இல் ஒரு பத்திரிகையாளர் வந்தார். கலைந்த பொன்னிற முடி. பத்திரிகைக்காரர் ஒருவரை ஆள் வைத்து அடிக்க நினைத்த நண்பனோடு இவர் பேசிய பழைய போன் உரையாடலை எடுத்து வறுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அன்றோடு முடிந்திருக்கும். இவர் திணறினார், உளறினார், தலையைக் கோதினார், அரங்கம் சிரித்தது. நிகழ்ச்சியை நடத்தவே பின்னால் கூப்பிட்டார்கள். பெயர் போரிஸ் ஜான்சன். 2001இல் எம்.பி., 2008இல் லண்டன் மேயர், 2019இல் பிரதமர்.

2012 ஒலிம்பிக் சமயத்தில் விக்டோரியா பூங்காவில் கம்பியில் தொங்கிச் சறுக்கி வந்த ஜான்சன் பாதியில் மாட்டிக்கொண்டார். இரண்டு கையிலும் கொடி, அந்தரத்தில் ஊசல். லண்டனே சிரித்தது, அவரும் சிரித்தார். வேறு எந்த நாட்டு அரசியல்வாதிக்கு இது நடந்திருந்தாலும் பேரழிவு, போரிஸுக்கு மட்டும் வெற்றி என்றார் அன்றைய பிரதமர் கேமரன். இரண்டு வருடம் கழித்து லேபர் தலைவர் எட் மிலிபேண்ட் லண்டன் சந்தை ஒன்றில் காலையில் பேக்கன் சாண்ட்விச் கடித்தார். வாய் கோணிய ஒரு நொடியைப் புகைப்படக்காரர் பிடித்துவிட்டார். அவ்வளவுதான் குற்றம். 2015 தேர்தலுக்கு முந்தின நாள் அந்தப் படம் 'தி சன்' முதல் பக்கத்தை நிறைத்தது. தன் சாண்ட்விச்சைப் பார்த்துத் தானே முதலில் சிரிக்க மிலிபேண்டுக்குத் தெரியவில்லை என்பது என் கருத்து. சாப்பிடத் தெரியாதவன் நாட்டை ஆள்வானா என்கிற மட்டத்துக்கு விஷயம் போய்விட்டது.

எல்லாருக்கும் இது பலித்ததும் இல்லை. அப்போது எம்.பி.யாக இருந்த ஜார்ஜ் காலவே 2006இல், நம்ம பிக் பாஸின் தாய் நிகழ்ச்சியான 'பிக் பிரதர்' வீட்டுக்குள் போய், ஒரு நடிகையின் கையிலிருந்து பூனை மாதிரிப் பால் குடிக்கும் பாவனை செய்தார். அந்தப் பூனை இன்னும் அவரை விடவில்லை.

அரசியல்வாதி சிரிப்பில் பங்காளியாக இருக்கும்வரை எல்லாம் நல்லபடியாகப் போகும். சிரிப்பு அவரைக் கேட்காமல் தானாகக் கிளம்பும்போதுதான் சிக்கல். 2021 டிசம்பர். ஊரடங்கு காலத்தில் பிரதமர் வீட்டில் விருந்து நடந்ததா என்று நாடே கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வருடம் காட்டு நிகழ்ச்சி வேல்ஸில் ஒரு பழைய கோட்டையில். தொகுப்பாளர்கள் ஆன்ட், டெக் இருவரும் நேரலையில், நம்ம பிரபலங்கள் பார்ட்டி எதுவும் நடத்தவில்லை, நடக்காத அந்தப் பார்ட்டியில் சீஸும் வைனும் நிச்சயமாக இல்லை என்று அப்பாவியாகச் சொல்லிவிட்டு, கேமராவைப் பார்த்து, 'மாலை வணக்கம் பிரதமரே' என்றார்கள். ஒரு நொடி நிறுத்தம். 'இப்போதைக்கு.'

அரசியலே பேசாத இரண்டு பேர் அவர்கள். அம்மாக்களும் பிள்ளைகளும் பார்க்கும் நிகழ்ச்சி. எதிர்க்கட்சி சொல்வது சமையலறை வரை வராது, இது வந்தது. ஜான்சன் விழுந்ததற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் சிரிக்க வைத்து ஜெயித்தவரைப் பார்த்து, அவர் இல்லாத இடத்தில் ஊர் சிரித்தது அன்றிரவுதான். 2022 ஜூலையில் பதவி விலகுவதாக அறிவித்தார்.

[திரையில்: ஒட்டுக் கண்கள் வைத்த ஒரு லெட்டூஸ்.]

அவருக்குப் பின் வந்த லிஸ் டிரஸ்ஸுக்கு ஒரு கீரை போதுமாக இருந்தது. 2022 அக்டோபரில் 'டெய்லி ஸ்டார்' பத்திரிகை ஒரு லெட்டூஸை வாங்கி, விக் மாட்டி, ஒட்டுக் கண் வைத்து, இது முதலில் அழுகுமா, பிரதமர் முதலில் போவாரா என்று நேரலை போட்டது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, டிரஸ் ராஜினாமா செய்தார். லெட்டூஸ் ஜெயித்தது.

ஃபராஜ் ஜெயித்த அதே 2024 ஜூலை இரவில், முந்தைய தேர்தலில் 26,195 ஓட்டில் ஜெயித்திருந்த தன் தொகுதியை டிரஸ் 630 ஓட்டில் இழந்தார். அடுத்த மாதம் சஃபக்கில் பெக்கிள்ஸ் என்ற சின்ன ஊரின் அரங்கில், மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மேலிருந்து மெல்ல மெல்ல ஒரு பேனர் இறங்கியது. பொருளாதாரத்தைக் கவிழ்த்தேன் என்ற வாசகம், கூடவே அந்தக் கண் வைத்த லெட்டூஸ். கூட்டத்தில் சிரிப்பு. டிரஸ் திரும்பிப் பார்த்தார். 'இது வேடிக்கையாக இல்லை' என்றார். மைக்கைக் கழற்றிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார்.