14-ஆம் தேதிக்கு மறுநாள் சேர வேண்டிய கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

கணக்கு எழுதித் தருவது, ஏசி பராமரிப்பு, ஜெனரேட்டர் சர்வீஸ், செக்யூரிட்டி என்று மற்றத் தொழில்களுக்குச் சேவை செய்து பிழைப்பவர்கள் சென்னையில் ஏராளம். துணிக்கடைக்காரர் சேலையை விரித்துக் காட்டுவதுபோல் எடுத்துக் காட்ட இவர்களிடம் ஒன்றும் கிடையாது. புது வாடிக்கையாளர் கையில் முதலில் போய்ச் சேர்வது பல சமயம் ஒரு கடிதம்தான். அப்படிப்பட்ட கடிதங்களை எழுதித் தருவதும் திருத்தித் தருவதும் என் வேலை. இன்றைக்கு ஒரே ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு தம்பி சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருகிறார். “இருநூறு கடிதம் கொடுத்தேன் சார், ஒரு போன்கூட வரல” என்று வந்து நின்றார். கடிதத்தின் முதல் வரி இது: ‘நீண்ட அனுபவமும் திறமையான பணியாளர்களும் கொண்ட எங்கள் நிறுவனம், தரமான சேவையைக் குறைந்த கட்டணத்தில் வழங்கி வருகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதே வரியைக் கல்யாணச் சமையல்காரரும் போடலாம், கொசுமருந்து அடிப்பவரும் போடலாம்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “வா, இதைப் படிக்கிறவரைப் பார்த்துவிட்டு வரலாம்” என்று கிளம்பினோம். தம்பிக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அங்கே முதலாளியும் மெஷின் ஓட்டுகிறவரும் ஒருவரே. தபால் வந்தது. கையெல்லாம் கூலன்ட் எண்ணெய், அதனால் ஒரு உறையை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துக் கிழித்தார். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி பார்த்தார். அளவு பார்க்கும் வெர்னியர் கருவியின் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டார். மொத்தமே பத்து விநாடி இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் சரக்கு கொடுக்கும் கம்பெனியின் கணக்குப் பிரிவிலிருந்து போன். “உங்க போன மாச பில் டூ-பி-யில வரல. பேமென்ட் நிறுத்தி வெச்சிருக்கோம்.” போனை வைத்ததும் அவர் முகம் வாடிவிட்டது. வாரக் கடைசியில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பட்டறைக்காரர் தன் விற்பனை பில்களை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற்ற வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கெடு. 14-ஆம் தேதி, வாங்கியவருக்கு ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியல் தயாராகும். பட்டறைக்காரர் கெடுவைத் தவறவிட்டால் அவருடைய பில் அந்தப் பட்டியலில் இருக்காது. வாங்கிய கம்பெனி அந்த மாதம் அதற்கான வரி வரவை எடுக்க முடியாது, அதாவது அந்த பில்லுக்கான வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. எடுக்க முடியாதவன் பணத்தை நிறுத்தத்தான் செய்வான். மாத வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தின் தாக்கலுக்குத் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி, இதெல்லாம் உண்டுதான். ஆனால் அந்தப் பட்டறைக்காரரை ராத்திரி தூங்கவிடாமல் செய்வது அபராதம் இல்லை, நின்றுபோன பேமென்ட். தம்பியின் கடிதத்தில் அபராதத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பேமென்ட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அங்கிருந்தே கடிதத்தைப் புதிதாக எழுதினோம். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகும்போது ‘பொருள்’ என்று ஒரு வரி போடச் சொல்லித் தருவார்கள், நினைவிருக்கிறதா? விற்பனைக் கடிதத்தில் அதைவிடப் பெறுமானமுள்ள இடம் கிடையாது. அதில் போய் ‘எங்கள் சேவை தொடர்பாக’ என்று எழுதி வீணாக்குகிறோம். நாங்கள் போட்டது: ‘பொருள்: பில் 2பி-யில் வராததால் நின்றுபோகும் உங்கள் பேமென்ட்.’ அதன் கீழே முதல் வரி: ‘ஐயா, வணக்கம். மாதம் 5-ஆம் தேதிக்குள் உங்கள் பில்கள் என் கைக்கு வந்தால், 9-ஆம் தேதிக்குள் ஏற்றி, தாக்கல் செய்த ரசீதை உங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன்.’

‘5-ஆம் தேதிக்குள் வந்தால்’ என்று எழுதத் தம்பிக்கு மனசில்லை. நிபந்தனை போட்டால் ஓடிவிடுவார்கள் என்று பயம். நான் விடவில்லை. நம் கையில் இல்லாததை வாக்குக் கொடுத்து ஒருவர் பணத்தை வாங்கக் கூடாது. அதுமட்டுமா, தேதி போட்டுப் பேசுகிறவன் வேலை தெரிந்தவன் என்று பட்டறைக்காரருக்கு உடனே புரியும். ‘குறைந்த கட்டணம்’ என்பதையும் அடித்துவிட்டு மாதம் எத்தனை பில் வரை எவ்வளவு ரூபாய் என்று எழுதினோம். தொகையை மறைத்தால் ‘பெரிய தொகையா இருக்கும்போல’ என்றுதான் நினைப்பார்கள்.

அப்புறம் ஒரு விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம். ஒரு கடையின் ஜிஎஸ்டி எண் தெரிந்தால், எந்த மாதம் எந்தத் தேதியில் தாக்கல் செய்தார்கள் என்பதை ஜிஎஸ்டி இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அந்த எண்ணை வாசல் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. “பார்த்துட்டு, ‘நீங்க மூணு மாசம் லேட்’னு எழுதிடலாமா சார்?” என்றார். வேண்டாம். முன்பின் தெரியாதவன் முதல் கடிதத்திலேயே குறையைச் சொல்லிக் காட்டினால் உள்ளே குத்தும். அதையே உதவியாக்கினோம்: ‘உங்கள் ஜிஎஸ்டி எண்ணை மட்டும் அனுப்புங்கள். கடந்த ஆறு மாதத் தாக்கல் தேதிகளைப் பார்த்து எழுதித் தருகிறேன். இதற்குக் காசு வேண்டாம்.’ கேட்டது இந்த ஒன்றைத்தான். போன் செய்யுங்கள், அலுவலகத்துக்கு வாருங்கள் என்று வேறெதுவும் கேட்கவில்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை. பட்டயக் கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் இப்படிக் கடிதம் போட்டு வாடிக்கையாளர் தேட அவர்கள் தொழிலின் நடத்தை விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது. தம்பி பட்டயக் கணக்காளர் இல்லை. உங்கள் தொழிலில் என்ன விதி என்று பார்த்துக்கொண்டு எழுதுங்கள்.

கடிதம் ஒரே பக்கம், தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில். கீழே பேனாவால் கையெழுத்து, செல் நம்பர். ஏற்கெனவே கணக்கு எழுதித் தரும் ஒரு பட்டறையின் பெயரையும் போட்டோம். அதற்கு முன்னால் அந்தப் பட்டறைக்காரரிடம் நேரில் போய்ச் சம்மதம் வாங்கி வரச் சொன்னேன்.

எப்போது அனுப்புவது? முன்பெல்லாம் அவர் மாதப் பிறப்பில் அனுப்புவார். 15, 16 தேதிகளில் சேரும்படி மாற்றினோம். 14-ஆம் தேதி பட்டியல் வந்த பிறகுதானே அந்த போன்கள் வரும். இருநூறு வேண்டாம், இருபது போதும், நீயே நடந்துபோய்க் கொடு என்றேன். மெஷின் ஓடும்போது பேச்சுக் கொடுக்காதே, கவரைக் கொடுத்துவிட்டு வந்துவிடு, நான்கு நாள் கழித்து டீ நேரத்தில் போ என்றும் சொன்னேன்.

அப்படி இரண்டாம் முறை போனபோது, ஒரு பட்டறையில் அந்தக் கடிதம் வெர்னியர் பெட்டிக்கு அடியில்தான் இருந்தது. முதலாளி அதை உருவி எடுத்து, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “9-ஆம் தேதின்னு போட்டிருக்கியே, நிஜமா முடியுமா?” என்று கேட்டாராம். தம்பி அங்கேயே உட்கார்ந்து, அந்த மாத பில்களை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

நன்றி, வணக்கம்.