ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்

நேயர்களுக்கு வணக்கம். சி என்ற நிரல்மொழி படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும் வரி ஒன்று உண்டு: ஸ்கேன்எஃப், மேற்கோளுக்குள் பர்சென்ட் டி, பிறகு அண்ட் வயது. தட்டிய எண்ணை வயது என்ற மாறியில் போடுவதோடு, எத்தனை மாறிகளை நிரப்பினேன் என்ற கணக்கையும் அது திருப்பித் தருகிறது. அந்தக் கணக்கை ஏறெடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

வயது கேட்கும்போது ஒருவர் எக்ஸ் என்ற எழுத்தைத் தட்டி என்டர் கொடுக்கிறார். ஸ்கேன்எஃப் 0 திருப்பும். மாறியைத் தொடவே தொடாது. அதில் முன்பு என்ன குப்பை கிடந்ததோ அதுதான் வயது! இதைவிடத் தொல்லை, அந்த எக்ஸ் உள்ளீட்டிலேயே கிடக்கும். திரும்பத் திரும்ப ஓடும் வைல் லூப் என்றால் அடுத்த சுற்றிலும் அதே எக்ஸ்தான் எதிரே நிற்கும். "வயதைச் சொல்லுங்கள்" என்ற வரி திரையில் விடாமல் ஓடும். கன்ட்ரோல் சி அழுத்தினால்தான் அடங்கும்.

சரி, 0 வந்தால் நிறுத்திவிடலாமே என்று ஸ்கேன்எஃப்பை அப்படியே வைல் அடைப்புக்குள் வைப்பவர்கள் உண்டு. உள்ளீடு தீர்ந்துபோனால் வருவது இஓஎஃப் என்ற முடிவு அடையாளம். அது எதிர்ம எண், பெரும்பாலும் மைனஸ் 1. 0 அல்லாத எதையும் சி உண்மை என்றே எடுத்துக்கொள்ளும், லூப் நிற்காது. ஒரு மாறி கேட்டால் 1-க்குச் சமமா, இரண்டு கேட்டால் 2-க்குச் சமமா என்றே சோதியுங்கள்.

மனிதர் தட்டுவதை வாங்க எனக்குப் பிடித்தது வேறு வழி. எஃப்கெட்ஸில் முழு வரியையும் வாங்குங்கள். நல் என்ற வெற்றுச் சுட்டி வந்தால் வரி கிடைக்கவில்லை, அங்கேயே விலகுங்கள். 64 இடம் கொடுத்தால் 63 எழுத்துதான் வரும், கடைசி இடம் முடிவுக்குறிக்கு. பிறகு பிழை எண் பதியும் எர்நோ என்ற மாறியை 0 ஆக்கி, எழுத்துகளை எண்ணாக மாற்றும் எஸ்டிஆர்டோஎல்லிடம் வரியைக் கொடுங்கள். எதுவரை படித்தேன் என்று அது காட்டும் முடிவுச் சுட்டி தொடக்கத்திலேயே நின்றால் எண்ணே இல்லை. நடுவில் நின்றால் எண்ணுக்குப் பின்னால் ஏதோ ஒட்டியிருக்கிறது. வெறும் நியூலைன் என்றால் விட்டுவிடலாம். எர்நோ ஈரேஞ்ச் என்ற எல்லை மீறல் குறியாக மாறியிருந்தால், எண் லாங் என்ற முழு எண் வகையில் அடங்கவில்லை. ஸ்கேன்எஃப்பின் பர்சென்ட் டி இதைச் சொல்லாது; அளவு மீறிய எண்ணுக்கு என்ன நடக்கும் என்று சி தரநிலையே வரையறுக்கவில்லை.

ஒவ்வோர் எழுத்தாக வாங்கும் கெட்சாரிலும் இதே கவனம் தேவை: அது திருப்புவதை முழு எண்ணுக்கான இன்ட் மாறியில் வாங்குங்கள், எழுத்துக்கான சார் வேண்டாம். சார் குறியற்றதாக, அதாவது எதிர்ம எண் ஏற்காததாக, இருக்கும் ஏஆர்எம் லினக்ஸில் இஓஎஃப் 255 ஆகிவிடும்; லூப் முடியவே முடியாது.

உபுண்டுவில் ஜிசிசி என்ற கம்பைலருக்கு மைனஸ் ஓ2 என்ற வேகக்கூட்டல் விருப்பத்தைக் கொடுத்தால், ஸ்கேன்எஃப் திருப்பியதைப் பார்க்கவில்லை என்று அதுவே எச்சரிக்கும். ஸ்கேன்எஃப்புக்கு முன்னால், மதிப்பு வேண்டாம் என்று சொல்லும் வாய்ட் போட்டு அதன் வாயை அடைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஜிசிசி அதற்கு மசியாது.