லித்தியம் மாத்திரை மறதியைத் தீர்க்குமா?

(திரையில்: ஆன்லைன் கடையில் ஒரு மாத்திரை டப்பா, பெயர் மறைக்கப்பட்டது)

வணக்கம். "அப்பாவுக்கு மறதியா? லித்தியம் ஓரோடேட் கொடுங்கள்" என்று உங்கள் வாட்ஸ்ஆப்புக்கும் வந்திருக்கும். லித்தியம் என்ற உலோகத்தின் ஓர் உப்பு வகை அது. பினாங்கில் நம் குடும்பக் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி முழுப் பொய் அல்ல. அதுதான் சிக்கல்.

2025 ஆகஸ்டில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் புரூஸ் யாங்க்னர் குழு, இறந்தவர்களின் மூளைத் திசுக்களில் 27 உலோகங்களை அளந்தது. நினைவு மங்கத் தொடங்கியவர்களிடம் தெளிவாகக் குறைந்திருந்தது லித்தியம் மட்டும்தான்.

எங்கே போனது? அல்சைமர் நோயில் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படியும். அந்தப் படிவு லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சுற்றியுள்ள செல்களுக்குப் போதுமான அளவு கிடைப்பதில்லை. லித்தியம் குறைந்த தீனி தின்ற சுண்டெலிகளுக்குப் படிவும் கூடியது, நினைவும் சீக்கிரம் போனது. லித்தியம் ஓரோடேட் அந்தப் படிவில் அதிகம் சிக்கவில்லை. மிகச் சிறிய அளவு கொடுத்ததிலேயே சுண்டெலிகளின் நினைவு மீண்டது.

செய்தியைப் பார்வர்ட் செய்பவர்கள் சுண்டெலியைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்! மரபணுவை மாற்றி நோயை வரவழைத்த சுண்டெலிகள் அவை. சுண்டெலியில் ஜெயித்து மனிதரில் தோற்ற அல்சைமர் மருந்துகள் ஏராளம்.

மனிதர்களிடம் என்ன தெரியும்? 2017-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் குடிநீரிலுள்ள லித்தியத்தைக் கணக்கெடுத்தார்கள். லித்தியம் மிக அதிகமுள்ள பகுதிகளில் மறதி நோய் குறைவு. ஆனால் நடுத்தர அளவுள்ள பகுதிகளிலோ, மிகக் குறைந்த அளவுள்ள பகுதிகளைவிட நோய் கூடுதல். இதை வைத்து மாத்திரை எழுத முடியாது.

(திரையில்: சிறுநீரகப் படம்)

மனநோய்க்கு லித்தியம் பயன்படும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இலேயே எழுதினார். மனம் அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோய்க்கு இன்றும் கொடுக்கிறார்கள், அடிக்கடி ரத்தப் பரிசோதனையோடு. பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. உடம்பிலிருந்து அதை வெளியேற்றுவது சிறுநீரகம். உடம்பில் நீர் வற்றினாலும், சில பிரஷர் மாத்திரைகளாலும், மூட்டுவலிக்கு விழுங்கும் ஐபுபுரோஃபெனாலும் ரத்தத்தில் அது ஏறும். சர்க்கரை நோய் நம் சமூகத்தில் எவ்வளவு என்று சொல்லவே வேண்டாம். அதனால் சிறுநீரகம் பாதி தேய்ந்த பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். சரி, கடை டப்பாவில் லித்தியம் கொஞ்சம்தான். அதற்காக அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நாமே கொடுத்துப் பார்ப்பதா?

இன்னொன்று. எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. தைராய்டு குறைந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும் மறதி வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது சகஜம். இவற்றுக்கு இன்றே சிகிச்சை உண்டு.

அதனால் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பாருங்கள். போகும்போது அப்பா விழுங்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், ஆன்லைனில் வாங்கியதும் சேர்த்து.