கைல் அதே ஆள்தானா?

நடுவர் அவர்களே, ‘சண்டை விளையாட்டின் புதிய பாகத்தில் பழைய பாத்திரத்தையே எடுத்து ஆடுபவருக்குப் பழகிய கை பலமா, பாரமா?’ என்பது தலைப்பு. பாரமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழர் ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று தொடங்கிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் கைல் என்ற பாத்திரத்துக்குச் சோனிக் பூம் என்ற எறிவீச்சு எப்படியோ, 2023இல் வந்த ஆறாம் பாகத்திலும் அப்படித்தான்: பின்பக்கம் அழுத்திப் பிடி, முன்னால் தள்ளு, குத்து. 32 ஆண்டுகளாக மாறவில்லையே, பிறகென்ன கவலை என்றார். ஐயா, கவலையே அதுதான்! மாறியிருந்தால் கை தயங்கியிருக்கும். கை தயங்கினால் கண் திரையைப் பார்த்திருக்கும்.

ஆறாம் பாகம் வாங்கிய முதல் இரவு, கைலை மூலையில் குந்தவைத்தேன். பின்பக்கம் பிடித்திருந்தால் எதிராளியின் அடியையும் தடுக்கலாம், அடுத்த பூமும் தயாராகும். என் ஆட்டமே அதுதான். அவன் டிரைவ் இம்பாக்ட் என்ற பாய்ச்சல் அடியுடன் வந்தான். நான் விட்ட பூமை மார்பில் வாங்கிக்கொண்டு நிற்காமல் வந்தான். தடுத்தேன். சரியாகத்தான் தடுத்தேன்! ஆனால் மூலையில் நின்று அதைத் தடுத்தால், தடுத்தவரையே சுவரில் மோதவிடும் என்பது இந்தப் பாகத்தின் விதி. பிறகு அவன் சாவகாசமாக, நீளமாக அடித்தான்.

இதற்கு மருந்து, நாமும் இம்பாக்டைத் திருப்பி விடுவது. அந்த அடி கிளம்பி விழ 26 ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் அது அரை நொடிகூட இல்லை. புதிதாக வந்தவன் பார்த்ததும் பட்டனைத் தட்டுகிறான். என் மூளை ‘தட்டு’ என்று உத்தரவு போடுவதற்குள் என் கட்டைவிரல் பின்பக்கத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. விதி தெரியாமல் தோற்றது முதல் இரவு மட்டும்தான். அடுத்த ஒரு மாதம் விதி தெரிந்தே தோற்றேன்.

தடுத்துக்கொண்டே காலம் தள்ளவும் வழியில்லை. தடுக்கத் தடுக்க டிரைவ் கேஜ் என்ற சக்திப் பட்டையின் ஆறு கட்டங்களும் கரையும். தீர்ந்துவிட்டால் இம்பாக்டும் வராது.

வெறுத்துப்போய், இந்தப் பாகத்தில்தான் அறிமுகமான மரீஸாவை எடுத்தேன். இரண்டாம் நாளே இம்பாக்டுக்கு இம்பாக்ட் திருப்பிக் கொடுத்தேன். அதே கை, அதே கட்டைவிரல்! தேறிவிட்டோம் என்ற மிதப்பில் அன்றிரவே கைலிடம் திரும்பினேன், நடுவர் அவர்களே. மூலைக்குப் போய்க் குந்திக்கொண்டேன்.