அஞ்சு நிமிஷ வேலை

அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவமனையில் புதுக் கட்டடம் எழும்பும்போது எல்லாரும் உஷாராகத்தான் இருக்கிறோம். தடுப்பு போடுகிறோம், எச்சரிக்கைப் பலகை மாட்டுகிறோம், கூடிப் பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, ஏணியோடு வந்து "அஞ்சு நிமிஷ வேலைதான் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, வார்டு நடைபாதையில் ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தள்ளித் திறக்கும் வேலைதான். அதற்கு முன்கூட்டியே யாரும் திட்டம் போடுவதில்லை.

அந்தப் பலகைக்கு மேலே பல வருஷத் தூசி கிடக்கும். அதில் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கலாம். ஒரு வித்து 2 முதல் 3 மைக்ரான்தான். கிளம்பினால் சட்டென்று படியாது. மூச்சோடு நுரையீரலின் ஆழம் வரை போகும். நீங்களும் நானும் தினமும் அதைச் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவருக்கும், கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்து போனவருக்கும் அப்படியில்லை. அவர்கள் உடம்பில் அது பரவிவிட்டால், நல்ல மருந்து கொடுத்தும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

அதனால் பலகையைத் தொடுவதற்கு முன்பே, பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பக்கம் என்றால் மேல்மாடி, கீழ்மாடி, ஒரே ஏசி குழாயில் காற்று வாங்கும் அறைகள் எல்லாமே சேர்த்துத்தான்.

பெரிய வேலை என்றால் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டால் போதாது. தரையிலிருந்து சீலிங்குக்கும் மேலே கான்கிரீட் தளம் வரை இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஏசி துவாரங்களை மூட வேண்டும். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகக் காற்றை வெளியேற்றி, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைவாக வைக்க வேண்டும். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் வைப்பது நல்லது. இன்னொரு வழியும் உண்டு: கதவின் அடி இடுக்கில் ஒரு டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். அது வேலை நடக்கும் பக்கம் இழுபட வேண்டும். வார்டு பக்கம் பறந்தால் அந்த நிமிஷமே வேலையை நிறுத்துங்கள்.

அப்புறம் தண்ணீர். 1976-இல் ஃபிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் கூடியவர்களைத் தாக்கிய பிறகுதான், நுரையீரலைப் பாதிக்கும் லெஜியோனெல்லா கிருமி உலகுக்குத் தெரியவந்தது. வேலைக்காக அடைத்த குழாயில் நீர் வெதுவெதுப்பாகத் தேங்கினால் அது பெருகும். வால்வைத் திறந்ததும் ஷவர் சாரலோடு மூச்சில் ஏறும். நோயாளி குழாயைத் திறப்பதற்கு முன்பே தண்ணீரை நன்றாக ஓடவிட்டுக் கழுவுங்கள்.

ஆபத்து நோயாளிகளுக்கு மட்டுமல்ல, பணியாளர்களுக்கும்தான். தூசிக்காகப் புகைக் கண்டறி கருவிக்கு உறை போடுவார்கள், சாயங்காலம் கழற்ற மறந்துபோவார்கள். அவசர வழியில் சிமென்ட் மூட்டை அடுக்கியிருக்கும். ஆக்சிஜன் குழாய் எது என்று அடையாளம் தெரியாமல் வெட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: வார்டு சிஸ்டர் நிறுத்தச் சொன்னால் வேலை நிற்கும், நின்ற நேரத்துக்காகத் தொழிலாளியின் கூலியில் பிடித்தம் கிடையாது.